பேட்டரி செயின்சா: மாவாக உதிரும் தூளும் முகத்தை நோக்கி எகிறிய ரம்பமும்

கேள்வி
எழுதியவர்: கொறங்காட்டுக்காரன், மூலனூர்ப் பக்கம்

அனைவருக்கும் வணக்கம். மூலனூருக்கும் தாராபுரத்துக்கும் இடையில் எங்களுக்கு ஒன்பது ஏக்கர் கொறங்காடு இருக்கிறது. கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரங்களும் சுற்றிலும் கிளுவை வேலியுமாக, நான்கு காங்கேயம் மாடுகளும் இருபது செம்மறிகளும் மேயும் காடு. ஆண்டுதோறும் வெள்வேல மரங்களில் காய்ந்துபோன கிளைகளைக் கழிக்க வேண்டும். இட்டேரி (வேலிகளுக்கு இடையிலான வண்டிப்பாதை) முழுவதும் ஏறி வருகிற சீமைக்கருவேலத்தையும் அறுத்து அப்புறப்படுத்த வேண்டும். முன்பெல்லாம் கோடாலியும் கொடுவாளும் எடுத்துப் பத்து நாள் செய்த வேலை இது. இப்போது கூலிக்கு ஆள் கிடைப்பதில்லை.

நான்கு மாதங்களுக்கு முன்பு 36 வோல்ட் பேட்டரி செயின்சா ஒன்றை வாங்கினோம். செயின் சுற்றி ஓடும் நீள் தகடான பார் 14 அங்குலம். 4 ஆம்பியர் மணி அளவுள்ள பேட்டரிகள் இரண்டு. பெட்ரோல் இயந்திரத்தை வாங்காததற்குக் காரணம் என் அப்பா. அவருக்கு வயது 63. ஸ்டார்ட்டர் கயிற்றை இழுத்து இழுத்து அவருடைய தோள்பட்டை ஏற்கெனவே கெட்டுவிட்டது. வீட்டில் நாங்கள் இருவருமே இதைக் கையாளுகிறோம்.

இப்போது எங்களுக்கு வந்திருக்கும் சிக்கல்களைச் சொல்கிறேன். முதல் மாதத்தில் அறுத்தபோது சீவல் சீவலாக வந்த மரத்தூள் இப்போது கோதுமை மாவைப் போல உதிர்கிறது. ரம்பத்தை அழுத்திப் பிடித்தால்தான் மரத்தில் இறங்குகிறது. பாரிலிருந்து கருகல் வாடை வருகிறது. ஒரு பேட்டரியில் முன்பு முடிந்த வேலையில் பாதிகூட இப்போது முடிவதில்லை. செயின் இரண்டு முறை பாரை விட்டுக் கழன்றும் விட்டது.

போன வாரம் நடந்ததுதான் என்னை எழுத வைத்தது. வெட்டிக் குவித்திருந்த சீமைக்கருவேலக் குவியலை அறுத்துக்கொண்டிருந்தபோது, ரம்பத்தின் முனை திடீரென்று என் முகத்தை நோக்கி எகிறியது. கைக்கு முன்னால் உள்ள தடுப்பில் என் மணிக்கட்டு பட்டு செயின் உடனே நின்றுவிட்டதால் காயம் இல்லை. ஆனால் அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அதற்கு இரண்டு நாள் கழித்து, பேட்டரி மாட்டியபடியே இருக்கும் இயந்திரத்தின் செயினில் சிக்கிய முள்ளை அப்பா விரலால் எடுத்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். சத்தம் இல்லாததால் அணைந்துவிட்டது என்று நினைத்தாராம்.

ரம்பம் ஏன் எகிறியது, அதைத் தவிர்க்க எப்படிப் பிடிக்க வேண்டும்? தூள் மாவாக உதிர்வதை நாங்களே சரிசெய்ய முடியுமா, கடைக்குத்தான் கொண்டுபோக வேண்டுமா? டிராக்டரிலிருந்து வடித்த பழைய எஞ்சின் ஆயிலைச் செயினுக்கு ஊற்றலாம் என்று பக்கத்துத் தோட்டத்து அண்ணன் சொல்கிறார், அது சரியா? பேட்டரிகளைக் கிணற்றடியில் உள்ள தகரக் கூரை போட்ட மோட்டார் அறையில்தான் வைக்கிறோம். அதிலும் தவறு இருந்தால் சொல்லுங்கள்.


பதில் 1
எழுதியவர்: ஆனைமலை மரம் அறுப்பவர்

தம்பிக்கு வணக்கம். ஆனைமலை, பொள்ளாச்சி வட்டாரத்தில் பதினெட்டு ஆண்டுகளாக மரம் அறுக்கும் வேலை செய்கிறேன். வேர் வாடல் நோய் வந்த தென்னைகளைத் தோப்புத் தோப்பாக அகற்றிய இந்தச் சில ஆண்டுகளில் இரண்டு வகை இயந்திரத்தையும் பிடித்திருக்கிறேன். கூர் தீட்டுவது பற்றியும் பேட்டரி பற்றியும் என்னைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர்கள் இங்கே இருக்கிறார்கள். எகிறியதைப் பற்றி மட்டும் நான் விரிவாக எழுதுகிறேன், ஏனென்றால் அதில் உங்களுக்கு இரண்டாவது வாய்ப்பு கிடைக்கும் என்று சொல்ல முடியாது.

செயின் ஓடும் திசையை முதலில் மனத்தில் பதிய வையுங்கள். பாரின் மேல்பக்கத்தில் செயின் உங்களை விட்டு விலகி முன்னோக்கி ஓடுகிறது. முனையைச் சுற்றிக் கீழே இறங்கி, அடிப்பக்கத்தில் உங்களை நோக்கித் திரும்பி வருகிறது. ஆகவே அடிப்பக்கத்தால் அறுக்கும்போது ரம்பம் தன்னை மரத்துக்குள் இழுத்துக்கொள்ளும். மேல்பக்கத்தால் அறுக்கும்போது உங்களைப் பின்னால் தள்ளும். இந்த இரண்டையும் கைப்பிடியால் சமாளித்துவிடலாம். முனையின் மேல் கால்வட்டம் எதன்மீதாவது பட்டால் நடப்பது வேறு. அந்த இடத்தில் பற்கள் மரத்தைக் கடித்து நிற்க, ஓட்டத்தின் விசை முழுவதும் பாரை மேலேயும் பின்னாலேயும் தூக்கி எறிகிறது. கண் இமைப்பதற்குள் அது முடிந்துவிடும். மனிதக் கை அதைத் தடுக்கும் அளவுக்கு வேகமானது இல்லை. நீங்கள் குவியலை அறுத்துக்கொண்டிருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் பார்த்து அறுத்த கிளைக்குப் பின்னால், உங்கள் கண்ணுக்குத் தெரியாத இன்னொரு கிளையில் முனை பட்டிருக்கும். குவியலாக இருப்பதை ஒருபோதும் குவியலாகவே அறுக்காதீர்கள். ஒவ்வொன்றாக இழுத்துப் போட்டு, முனைக்கு அப்பால் வெற்றிடம் இருக்கிறதா என்று பார்த்த பிறகே அறுங்கள்.

பிடிக்கும் முறையைச் சொல்கிறேன். வலக்கை பின் கைப்பிடியில், இடக்கை முன் கைப்பிடியில் இருக்க வேண்டும். இடக்கைப் பழக்கம் உள்ளவர்களுக்கும் இதே முறைதான், ஏனென்றால் இயந்திரம் அப்படித்தான் அமைக்கப்பட்டிருக்கிறது. இடக்கைப் பெருவிரல் முன் கைப்பிடிக்கு அடியில் சுற்றி வர வேண்டும். பெருவிரலை மற்ற விரல்களோடு மேலே சேர்த்து வைக்கும் பழக்கம் நம்மவர்கள் பலரிடம் இருக்கிறது; ரம்பம் எகிறும் நொடியில் கைப்பிடி அப்படியே கையைவிட்டு நழுவும். பார் இருக்கும் நேர்க்கோட்டில் உங்கள் தலையும் கழுத்தும் இல்லாதபடி சற்று இடப்பக்கம் விலகி நில்லுங்கள். தோள் உயரத்துக்கு மேல் அறுக்காதீர்கள், ஏணியில் நின்று அறுக்கவே அறுக்காதீர்கள். உங்கள் அப்பா உயரத்திலுள்ள வெள்வேலக் கிளைக்கு ஏணி வைக்கிறவராக இருந்தால், அந்த ஏணியை ஒளித்து வைத்துவிட்டு அந்தக் கிளைகளுக்கு மட்டும் ஆள் விடுங்கள்.

உங்களைக் காப்பாற்றிய அந்தத் தடுப்புதான் செயின் பிரேக். அதைத் தினமும் காலையில் வேலை தொடங்குவதற்கு முன் சோதித்துப் பாருங்கள்: இரண்டு கையாலும் பிடித்தபடி செயினை ஓடவிட்டு, இடது மணிக்கட்டால் தடுப்பை முன்னே தள்ளினால் செயின் அந்த நொடியே நிற்க வேண்டும். சற்று ஓடிவிட்டு நின்றாலும் அன்றைக்கு வேலை இல்லை என்று வையுங்கள். இரண்டு மூன்று அடிக்கு மேல் நடப்பதாக இருந்தால் பிரேக்கைப் போட்டுவிட்டு நடக்க வேண்டும்.

கிளை எந்தப் பக்கம் இழுவிசையில் இருக்கிறது என்று பார்க்கத் தெரியாமல் ரம்பத்தைச் சிக்க வைத்துக்கொள்கிறவர்கள்தான் அதிகம். மரத்தோடு ஒரு பக்கம் ஒட்டி, மறுபக்கம் அந்தரத்தில் தொங்கும் கிளைக்கு மேல்பக்கம் இழுபட்டும் அடிப்பக்கம் நெருக்கப்பட்டும் இருக்கும். அதற்கு முதலில் அடியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு அறுத்து, பிறகு மேலிருந்து அறுத்து முடிக்க வேண்டும். மேலிருந்து மட்டுமே அறுத்தால் பாதியில் முறிந்து அடிமரத்தின் பட்டையையும் உரித்துக்கொண்டு விழும். இரண்டு முனையும் தாங்கலில் கிடக்கும் மரத்துக்கு இது நேர்மாறானது. மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு, பிறகு அடியிலிருந்து. சீமைக்கருவேலத்தில் இன்னொரு வகையும் உண்டு: விழுந்த மரத்தின் பாரத்தில் வில்லாக வளைந்து நிற்கும் இளங்கிளை. அதை ஒரே வீச்சில் அறுத்தால் சாட்டையாகத் திரும்பி முகத்தில் அடிக்கும். வளைவின் உள்பக்கத்தைச் சிறிது சிறிதாகச் சீவி விட்டு, இறுக்கம் தானாகத் தளரும்படி செய்யுங்கள். நீங்கள் நிற்பது அது திரும்பும் பாதைக்கு வெளியே இருக்கட்டும்.

நின்ற மரத்தை அடியோடு சாய்ப்பதாக இருந்தால், விழும் பக்கத்தில் விட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு முதல் நான்கில் ஒரு பங்கு ஆழத்துக்கு வாய் வெட்டி, பின்பக்கத்திலிருந்து அறுக்கும்போது அந்த வாய்க்கும் இந்த அறுப்புக்கும் நடுவில் விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு கனத்துக்கு மரத்தை அறுக்காமல் விட வேண்டும். அந்தக் கீல்தான் மரத்தை நாம் நினைத்த திசையில் இறக்கி வைக்கிறது. நீங்கள் விலகிப் போக வேண்டிய வழி விழும் திசைக்கு எதிர்ப்பக்கம் சாய்வாக இருக்க வேண்டும். அறுக்கத் தொடங்கும் முன்பே அதில் உள்ள முள்ளையும் கல்லையும் அகற்றுங்கள். மரத்தின் உயரத்தைப் போல இரு மடங்கு தூரத்துக்குள் ஆளோ ஆடோ இருக்கக் கூடாது. தென்னையில் இந்தக் கீல் அவ்வளவு நம்பகமானது இல்லை. வெளிச்சுற்று இரும்பைப் போலவும் உட்புறம் சோற்றைப் போலவும் இருக்கும் மரம் அது, அதனால் நாங்கள் கயிறு கட்டாமல் தென்னையைத் தொடுவதில்லை. மின்கம்பிக்கு அருகில் உள்ள மரம் எதுவானாலும் மின்வாரியத்தில் சொல்லி இணைப்பைத் துண்டித்த பிறகே கை வையுங்கள்.

உடையைப் பற்றி ஒரு வார்த்தை. வேட்டி, தோளில் துண்டு, தொளதொளத்த சட்டைக் கை எதுவும் ஆகாது. வலைத் திரை வைத்த தலைக்கவசம், தோல் பூட்ஸ், கையுறை, காதடைப்பு நான்கும் வேண்டும். செயின்சாவுக்கென்று நூலிழை அடைத்த காற்சட்டை கிடைக்கிறது, வாங்குங்கள். ஆனால் அது முழுக் காப்பு என்று நம்பிவிடாதீர்கள். அதன் இழைகள் செயினை ஓட்டும் பல்சக்கரத்தில் சிக்கிச் செயினை நிறுத்துவதுதான் அதன் வேலை, மின்மோட்டாரோ மெதுவாகச் சுழலும்போதும் முழு வலுவோடு இழுக்கும். மின்சார ரம்பத்துக்குப் பொருந்தாது என்று சில காற்சட்டைகளின் சீட்டிலேயே அச்சிட்டிருப்பார்கள். வாங்கும்போது படித்துப் பாருங்கள்.


பதில் 2
எழுதியவர்: கோவைப் பழுதுநீக்குநர்

ஆனைமலை அண்ணன் எழுதியதில் நான் சேர்க்க ஒன்றுமில்லை. நீங்கள் சொன்ன மற்றச் சிக்கல்கள் எல்லாம் உண்மையில் ஒரே சிக்கல் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. என் பட்டறைக்கு ‘பேட்டரி போய்விட்டது’, ‘மோட்டார் சூடாகிறது’, ‘செயின் கழல்கிறது’ என்று சொல்லி வரும் இயந்திரங்களில் பெரும்பாலானவற்றுக்கு நான் முதலில் செய்வது பல்லைத் தீட்டுவதுதான். மழுங்கிய பல் மரத்தைச் சீவாமல் தேய்க்கிறது. தேய்ப்பதால் சூடு, சூட்டால் செயின் நீண்டு தளர்கிறது, தளர்ந்ததால் கழல்கிறது, அறுபடாததால் நீங்கள் அழுத்துகிறீர்கள், அழுத்துவதால் மோட்டார் அதிக மின்னோட்டத்தை இழுத்துப் பேட்டரியைக் காலி செய்கிறது. அழுத்திப் பிடிக்கிற கை, மரம் அறுந்து விடுபடும் நொடியில் கட்டுப்பாட்டை இழக்கும் என்பதால் இது பாதுகாப்பைப் பற்றிய விஷயமும்தான்.

நான்கு மாதத்தில் ஏன் மழுங்கியது என்றால், வெள்வேலும் சீமைக்கருவேலமும் கெட்டி மரங்கள் என்பது ஒரு காரணம். மண் அதைவிடப் பெரிய காரணம். உங்கள் பக்கத்துக் காடுகளில் அடிமரத்தில் கரையான் பூசி வைத்திருக்கும் செம்மண்ணை அப்படியே வைத்து அறுத்தால் ஒரே அறுப்பில் ஒரு வாரத்துக் கூர் போய்விடும். கொத்தால் தட்டி விட்டு, ஒரு கம்பித் தூரிகையால் தேய்த்த பிறகு அறுங்கள். தரையில் கிடக்கும் மரத்தை அடிவரை அறுத்து மண்ணைத் தொட வேண்டாம். முக்கால் பங்கு அறுத்து, புரட்டிப் போட்டு மீதியை அறுக்க வேண்டும். வேலியோர மரங்களுக்குள் பழைய முள்கம்பியும் ஆணியும் புதைந்திருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

தீட்டுவதற்குக் கடை வேண்டியதில்லை. அந்தப் பல்லின் வடிவத்தைப் புரிந்துகொண்டால் தீட்டுவது எளிது. 1946-இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஜோசப் காக்ஸ் என்ற மரம் வெட்டுபவர், பட்ட மரத்தைக் குடைந்துகொண்டிருந்த ஒரு வண்டுப் புழுவைக் கவனித்தார். அதன் இரண்டு தாடைகளும் இடமும் வலமுமாக, நாரின் குறுக்காகவும் நெடுக்காகவும் ஒரே சீராகக் கடித்துச் சென்றன. அதைப் பார்த்து அவர் அமைத்த செயின்தான், இன்று உங்கள் கையில் இருக்கிறதற்கும் மூலம். அதனால்தான் பற்கள் ஒன்று இடம், ஒன்று வலம் என்று மாறி மாறி இருக்கின்றன. ஒவ்வொன்றின் முன்னாலும் இருக்கும் சிறு மேடு, பல் எவ்வளவு ஆழம் கடிக்கலாம் என்பதை அளந்து கொடுக்கிறது.

முதலில் பேட்டரியைக் கழற்றுங்கள். கழற்றி உங்கள் பார்வையில் படும் இடத்தில், இயந்திரத்துக்கு எட்டத்தில் வையுங்கள். செயினைத் தொடும் எந்த வேலைக்கும், முள் எடுப்பதானாலும், இதுதான் முதல் வேலை என்று உங்கள் அப்பாவிடம் சொல்லுங்கள். பெட்ரோல் இயந்திரம் உறுமிக்கொண்டே இருந்து ‘நான் உயிரோடு இருக்கிறேன்’ என்று சொல்லும். இது அமைதியாகக் கிடந்து, விரல் பட்டதும் முழு வேகத்தில் கிளம்பும். பாரை ஒரு பட்டறைப் பிடியில் இறுக்கிக்கொள்ளுங்கள். காட்டில் என்றால் அடிக்கட்டையில் ஒரு பிளவு அறுத்து அதில் சொருகிக்கொள்ளலாம். 14 அங்குலப் பேட்டரி இயந்திரங்களில் பெரும்பாலும் கண்ணி இடைவெளி (பிட்ச்) எட்டில் மூன்று அங்குலமுள்ள சிறுவகைச் செயின்தான் இருக்கும். அதற்கு 4 மில்லிமீட்டர் உருண்டை அரம். கையேட்டில் உள்ள அளவோடு ஒப்பிட்டு உறுதி செய்துகொண்டு வாங்குங்கள்.

மிகவும் தேய்ந்த பல் எதுவென்று தேடி அதில் அடையாளம் வையுங்கள். அதிலிருந்து தொடங்கி, பல்லின் தலையில் கீறியிருக்கும் சாய்வுக் கோட்டுக்கு இணையாக, ஏறத்தாழ 30 பாகைச் சாய்வில், உள்ளிருந்து வெளியே தள்ளித் தேயுங்கள். அரத்தின் கனத்தில் ஐந்தில் ஒரு பங்கு பல்லின் மேல்விளிம்புக்கு மேலே தெரிய வேண்டும். முன்னே தள்ளும்போது மட்டும் தேய்க்க வேண்டும். இழுக்கும்போது அரத்தைத் தூக்கிவிடுங்கள். ஒரு பல்லுக்கு இரண்டு அல்லது மூன்று தள்ளல் போதும், ஆனால் எல்லாப் பல்லுக்கும் அதே எண்ணிக்கை. ஒரு பக்கப் பற்களை முடித்துவிட்டு மறுபக்கம் வாருங்கள். மூன்று நான்கு முறை தீட்டிய பிறகு முன்மேட்டின் உயரத்தை அதற்குரிய தகடு வைத்துப் பார்த்து, தட்டை அரத்தால் குறையுங்கள்; பல்லைவிட அது சுமார் 0.65 மில்லிமீட்டர் தாழ்ந்திருந்தால் போதுமானது. ‘வேகமாக அறுக்கட்டும்’ என்று அதைக் கூடுதலாகக் குறைக்கிறவர்கள் தங்கள் ரம்பம் எகிறுவதற்குத் தாங்களே வழி செய்கிறார்கள்.

செயின் இறுக்கத்தைச் சூடு ஆறிய நிலையில் பார்க்க வேண்டும். பாரின் நடுவில் செயினைப் பிடித்துத் தூக்கினால் சற்று எழும்ப வேண்டும், ஆனால் செயினின் அடிப்பல் அது ஓடும் காடியை (பாரின் விளிம்பிலுள்ள பள்ளத்தை) விட்டு முழுவதும் வெளியே வரக் கூடாது. விட்டதும் படக்கென்று ஒட்டிக்கொள்ள வேண்டும். கையுறையோடு இழுத்தால் தடையின்றி ஓட வேண்டும். வேலையின் நடுவில் சூட்டில் தளர்ந்ததை இறுக்கியிருந்தால், முடிந்ததும் மறக்காமல் தளர்த்திவிடுங்கள். ஆறும்போது செயின் சுருங்கி, மோட்டாரின் தண்டையும் பாரையும் நெரிக்கும்.

பழைய எஞ்சின் ஆயில் வேண்டவே வேண்டாம். அதில் எஞ்சினில் தேய்ந்த உலோகத் துகள்கள் இருக்கின்றன. அவை ஆயில் பம்பை அடைக்கும். செயினிலிருந்து அது சிதறி உங்கள் தோலிலும் மூச்சிலும் படும். அது புற்றுநோய் விளைவிக்கக்கூடியது. பிறகு அது விழுவது உங்கள் மாடுகள் மேயும் புல்லின்மீது. செயினுக்கென்று விற்கும் ஒட்டும் தன்மையுள்ள ஆயிலையே வாங்குங்கள். ஆயில் வருகிறதா என்று பார்க்க, முனையை ஒரு வெளுத்த அட்டைக்கு மேல் சற்று எட்டத்தில் பிடித்துச் செயினை ஓட விட்டால் மெல்லிய கோடாகத் தெறிக்க வேண்டும். தெறிக்கவில்லை என்றால் பாரைக் கழற்றி, காடியையும் ஆயில் துளையையும் ஒரு மெல்லிய தகட்டால் சுரண்டுங்கள். உங்களுக்கு வந்த கருகல் வாடைக்கு மழுங்கிய பல்லோடு இந்த அடைப்பும் காரணமாக இருக்கலாம். பேட்டரி மாற்றும் ஒவ்வொரு முறையும் ஆயிலையும் பார்த்து ஊற்றுவது என்று வைத்துக்கொண்டால் மறக்காது.

தகரக் கூரை மோட்டார் அறை பேட்டரிக்கு எதிரி. உங்கள் 36 வோல்ட் பேட்டரிக்குள் 3.6 வோல்ட் லித்தியம் அயனிக் கலங்கள் பத்து வரிசையாக இருக்கின்றன. 36-ஐ 4-ஆல் பெருக்கினால் 144 வாட் மணி, அதுதான் ஒரு பேட்டரியில் உள்ள மொத்தச் சரக்கு. வெயிலில் வைத்தால் அந்தச் சரக்கு வைக்கும் கொள்ளளவே ஆண்டுக்கு ஆண்டு சுருங்கும். பங்குனி, சித்திரையில் வீட்டுக்குள் நிழலான சிமெண்டுத் தரையில் வையுங்கள். அறுத்து முடித்த சூட்டோடு சார்ஜரில் மாட்டாதீர்கள். அரைமணி நேரம் ஆறட்டும். மாதக்கணக்கில் வேலை இல்லை என்றால் முழுவதும் ஏற்றியோ முழுவதும் இறக்கியோ வைக்காமல் பாதி அளவில் வையுங்கள். ஆணியும் திருகும் கிடக்கும் பெட்டிக்குள் போடக் கூடாது, முனைகள் இணைந்துவிடும். உப்பிய பேட்டரியையோ உயரத்திலிருந்து விழுந்து ஓடு விரிந்த பேட்டரியையோ மறுபடி சார்ஜ் செய்யாதீர்கள்.


பதில் 3
எழுதியவர்: கோபி வயல்காரி

அண்ணன்கள் இருவரும் எழுதியதைப் படித்துவிட்டு, எங்கள் வீட்டில் நடந்த இரண்டை மட்டும் சொல்ல வந்தேன். எங்களுக்குக் கோபிக்கு மேற்கே வாய்க்கால் பாசனத்தில் பாக்கும் தென்னையும் இருக்கின்றன.

முதலாவது, ஆயில். மண்ணில் சிந்துவது எனக்குப் பிடிக்காததால், எங்கள் செக்கில் ஆட்டிய தேங்காய் எண்ணெயையே ஊற்றினேன். ஐப்பசி வரை குறை ஒன்றும் தெரியவில்லை. மார்கழிக் காலையில் செயின் புகைந்தது. தேங்காய் எண்ணெய் 24 பாகைக்குக் கீழே உறைந்துவிடும் என்பது அடுப்படியில் தினமும் பார்க்கிற விஷயம்தான், ஆனால் ரம்பத்தின் தொட்டிக்குள்ளும் அது உறையும் என்று எனக்குத் தோன்றவில்லை. பம்பு ஓடியும் ஒரு சொட்டுக்கூட வரவில்லை. மற்றத் தாவர எண்ணெய்களை ஊற்றியவர்களும் மாதக்கணக்கில் தொட்டியில் விட்டு வைத்தால் பிசினாகிவிடுகிறது என்கிறார்கள். ஊற்றினால் அன்றன்றைக்கே வடித்துவிட வேண்டும். நான் கடை ஆயிலுக்கு மாறிவிட்டேன்.

இரண்டாவது, ஒற்றைக் கையால் பிடிக்கும் சிறிய ரம்பம். உங்கள் கேள்வியில் அது இல்லை, ஆனால் பெரிய இயந்திரம் வாங்கிய வீடுகளில் அடுத்ததாக வருவது அதுதான். என் தம்பி ஆறு அங்குல ரம்பம் ஒன்றை வாங்கினான். பெட்டியில் 88 வோல்ட் என்று அச்சிட்டிருந்தது. சார்ஜரைத் திருப்பிப் பார்த்தால் 21 வோல்ட் என்று இருந்தது. ஐந்து கலங்களை முழுவதும் ஏற்றினால் வருகிற அளவு அது. எண்ணில் ஏமாந்ததைக்கூட விடலாம். அதில் செயின் பிரேக் இல்லை. வலக்கையில் ரம்பத்தையும் இடக்கையில் முருங்கைக் கிளையையும் பிடித்து அறுத்தான். முருங்கை மென்மையான மரம். நினைத்ததைவிட வேகமாக அறுந்து, ரம்பம் அதே வேகத்தில் இடது மணிக்கட்டுக்கு வந்தது. துணியை மடித்து நான் அழுத்திப் பிடித்துக்கொள்ள, அப்பா 108-க்கு அழைத்தார். இரண்டு நரம்புகளைத் தைத்தார்கள். ஒன்றரை ஆண்டு ஆகிறது, சுண்டுவிரலில் இன்னும் உணர்ச்சி முழுதாகத் திரும்பவில்லை. ரம்பம் எவ்வளவு சிறியதாக இருந்தாலும் அறுக்கிற கிளையை மற்றொரு கை தொடக் கூடாது. தனியாளாக அறுக்கவும் கூடாது. கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் ஒருவர் இருக்க வேண்டும். அன்று நான் வீட்டுக்குள் இருந்திருந்தால் அவன் கூப்பிட்டது எனக்குக் கேட்டிருக்காது.

வாழை மரத்தை இதில் அறுக்காதீர்கள் என்பதையும் சேர்த்துக்கொள்கிறேன். ஈர நார் மொத்தமும் பல்சக்கரத்தில் சுற்றிக்கொள்ளும். அதை எடுக்க அரை நாள் ஆகும். வாழைக்கு அரிவாள்தான்.


கேட்டவரின் மறுமொழி
எழுதியவர்: கொறங்காட்டுக்காரன், மூலனூர்ப் பக்கம்

மூவருக்கும் நன்றி சொல்லி முடியாது. தங்கையின் பதிலை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் ஒன்றும் பேசவில்லை. எழுந்து போய் ரம்பத்திலிருந்து பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுவந்து வைத்தார். பேட்டரிகள் இப்போது நெல் குதிருக்குப் பக்கத்தில், நிழலில் இருக்கின்றன.

தாராபுரத்தில் 4 மில்லிமீட்டர் அரம் வாங்கி, நேற்று மூன்று மணி நேரம் உட்கார்ந்து தீட்டினேன். பாரைக் கழற்றியபோது ஆயில் துளை முழுவதும் தூளும் பிசினும் கல்லாக அடைத்திருந்தது. சுரண்டி எடுத்த பிறகு அட்டையில் கோடு விழுந்தது. இன்று காலையில் காய்ந்த வெள்வேலக் கிளையில் வைத்துப் பார்த்தேன். அழுத்தாமலே இறங்குகிறது, நகத்தளவு சீவல்களாக வருகிறது. ஒரு பேட்டரியில் பத்தொன்பது கிளை அறுத்தும் இரண்டு விளக்கு மீதம் எரிந்தது. தலைக்கவசமும் பூட்ஸும் வாங்கிவிட்டோம், காற்சட்டைக்குச் சொல்லியிருக்கிறேன்.

ஒரு குறை மட்டும் இருக்கிறது. கனமான மரத்தில் அறுப்பு நேராக இறங்காமல் வலப்பக்கமாக வளைந்துகொண்டே போகிறது. பாதிக்கு மேல் பார் இறுகி நின்றுவிடுகிறது. தீட்டுவதற்கு முன் இப்படி இல்லை. நான் எதைத் தவறாகச் செய்தேன்?


பதில் 4
எழுதியவர்: கோவைப் பழுதுநீக்குநர்

முதன்முறை தீட்டுகிற எல்லோருக்கும் இது வரும், கவலைப்படாதீர்கள். கூரும் நீளமும் அதிகமுள்ள பற்கள் எந்தப் பக்கமோ அந்தப் பக்கமாகத்தான் ரம்பம் இழுத்துக்கொண்டு போகும். வலக்கைப் பழக்கம் உள்ளவர்களுக்கு ஒரு பக்கப் பற்களில் அரம் வாகாக விழும். மறுபக்கத்தில் கை மடங்கிச் சாய்வு மாறிவிடும். உங்கள் வலப்பக்கப் பற்கள் நன்றாக அமைந்து, இடப்பக்கப் பற்கள் மழுங்கலாகவோ குட்டையாகவோ இருக்கும். ஒரு வெர்னியர் அளவுகோலை எடுத்து ஒவ்வொரு பல்லின் மேல்தகட்டின் நீளத்தையும் அளந்து பாருங்கள். நீளமாக இருக்கும் பற்களை மிகக் குட்டையான பல்லின் அளவுக்குக் கொண்டுவர வேண்டும். குட்டையைப் பார்த்துப் பரிதாபப்பட்டு விட்டுவைத்தால் வளைவு போகாது. இடப்பக்கத்தைத் தீட்டும்போது நீங்கள் மறுபுறம் சென்று நின்றுகொள்ளுங்கள், அல்லது சாய்வு காட்டும் கோடுகள் பொறித்த அரப்பிடி ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள்.

பற்கள் சமமான பிறகும் வளைந்தால் பாரைப் பாருங்கள். அதைச் சமமான மேசைமீது நிமிர்த்தி நிறுத்தி, காடியின் இரண்டு விளிம்புகளும் ஒரே உயரத்தில் இருக்கின்றனவா என்று கண்ணை மட்டத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். விளிம்பில் பிசிறு வெளியே துருத்திக்கொண்டிருந்தால் தட்டை அரத்தால் நேராக்குங்கள். இனிமேல் ஒவ்வொரு முறை தீட்டும்போதும் பாரைத் தலைகீழாகத் திருப்பி மாட்டுவதை வழக்கமாக்கினால், இரண்டு விளிம்பும் ஒரே சீராகத் தேயும். பல்லின் பின்பகுதியில் தேய்மானக் கோடு ஒன்று பொறித்திருக்கும். கூர் அந்தக் கோட்டைத் தொட்டுவிட்டால் அதற்கு மேல் தீட்டாமல் புதுச் செயின் மாட்டுங்கள். இரண்டு செயின்கள் தேய்ந்து முடிந்ததும் பல்சக்கரத்தையும் சேர்த்து மாற்றிவிடுங்கள்; தேய்ந்த சக்கரத்தில் புதுச் செயினை ஓட்டினால் அது சீக்கிரமே கழலத் தொடங்கும்.